சத்தம் போடாத வரி

இல்ல தம்பி, எழுந்திரிக்காதீங்க. தட்டுல பாதி அப்படியே கிடக்கு. இப்ப நீங்க எழுந்து போனா நான் வந்து துரத்தின மாதிரி ஆயிடும். உக்காருங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம், ஒரு டம்ளர் தண்ணி போதும். இந்த மேஜை ஆடும், அந்தப் பக்கம் சாயாதீங்க. ஒரு அட்டைய மடிச்சுக் கீழ வைன்னு கடைக்காரன்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியாச்சு. சிரிப்பான், செய்யமாட்டான். முதலாளின்னா சின்னவன் பெரியவன் கிடையாது.

ஆமா, அந்த ஆளேதான் நான். உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. கம்பெனி கேட்டுக்கு எதிர்ல மைக் புடிச்சுக் கத்துற சங்கத்து ஆள். போன வாரம் உங்க கார் உள்ள போறப்ப முதலாளிகளின் எடுபிடிகளேன்னு கத்தினதும் நான்தான். உங்களத் தனியா சொல்லல, பொதுவா சொன்னது. கண்ணாடி ஏத்தியிருந்துச்சே, கேட்டுச்சா? சரி விடுங்க. சார்னு கூப்பிட எனக்கு வராது. தோழர்னு கூப்பிட்டா நீங்க நெளிவீங்க. தம்பின்னே கூப்பிடுறேன், வயசுக்கும் சரியா இருக்கும்.

நேரா விஷயத்துக்கு வரேன். இன்னைக்கு ரெண்டாவது ஷிஃப்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி தகடு வளைக்கிற பிரஸ் மெஷின்களுக்குப் புது புரோகிராம் ஏத்தப் போறீங்க. சரின்னு பட்டன அமுக்க வேண்டியவர் நீங்க. அமுக்காதீங்க. அவ்வளவுதான், அதச் சொல்லத்தான் வந்தேன்.

யார் சொன்னாங்களா? அத இப்ப விடுங்க. உங்க ஆளுங்க ஒருத்தரும் எங்கிட்டப் பேசல, சத்தியம். எங்கிட்டப் பேசினா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியும். பஸ்ல பக்கத்துல உக்காந்தாக் கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கிறாங்க. எப்படித் தெரிஞ்சுதுன்னு கடைசியில சொல்றேன், சொல்லாமப் போகமாட்டேன். முதல்ல நான் சொல்றதக் கேளுங்க.

மைக் புடிக்கிறவனுக்கு புரோகிராமப் பத்தி என்ன தெரியும்னு நினைக்கிறீங்க. நினைங்க, தப்பில்ல, நீங்க வந்தே கொஞ்ச காலம்தான். அந்த பிரஸ் மெஷினுக்கு முதல் புரோகிராம் எழுதினவங்கள்ல நானும் ஒருத்தன். காலேஜ் வாசல் மிதிச்சதில்ல. எலக்ட்ரீஷியனா சேந்தேன். மெஷினுக்குள்ள கம்ப்யூட்டர் வந்தப்ப, இவன் எதையாவது படிச்சுக்கிட்டே இருக்கானே, இதையும் படிக்கட்டும்னு அந்தப் பக்கம் தள்ளி விட்டாங்க. நான் படிச்சது பூராவும் சங்கத்துல குடுக்குற சின்னப் பிரசுரங்க. உபரி மதிப்புன்னா என்னன்னு படிச்ச அதே கண்ணாலதான் சி மொழியையும் படிச்சேன். ரெண்டுக்கும் ஒரே பாடம் தம்பி. ஒரு வார்த்தை முன்னாடி வந்து நின்னா, நீ எங்கேருந்து வரே, உன்ன யார் அனுப்பினதுன்னு கேக்கணும்.

சிரிக்காதீங்க, மெய்யாத்தான்.

உங்களுக்கு சி தெரியாதுன்னு நான் குத்திக் காட்ட வரல. நீங்க கணக்கு சாஃப்ட்வேர் பண்ற இடத்துலேந்து வந்தவரு, அங்க வேற மொழி. அதனால சுருக்கமா சொல்லிடுறேன். ஒவ்வொரு ஃபைலோட தலையிலயும் சில வரி இருக்கும். இன்க்ளூட்னு ஆரம்பிக்கும். இந்தத் தாளையும் சேத்து வச்சுப் படின்னு அர்த்தம். அந்தத் தாளுக்குப் பேரு ஹெட்டர். அதுல பேருங்க இருக்கும். இன்ன வேலைக்கு இன்ன பேரு, இன்ன அளவுக்கு இன்ன பேருன்னு. வருஷக்கணக்கா ஆளாளுக்கு எழுதினா என்ன ஆகும்? தேவையிருக்கோ இல்லையோ, ஆளுக்கு நாலு தாள் சேத்து வச்சுட்டுப் போயிடுவான். மெஷினுக்கு அத்தனையும் படிச்சு முடிக்க நேரமாகும். அதனால தேவையில்லாத வரிங்கள எடுன்னு சொன்னீங்க. சொன்னது தப்பே இல்ல. நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

அந்த வேலைய ஒரு பொண்ணு பண்ணிச்சு. அதையும் நான் குறை சொல்ல வரல. முக்காவாசி ரொம்ப நல்லா பண்ணியிருக்கு. எவனோ செத்துப்போன திட்டத்துக்குச் சேத்த தாளு, ஒரே ஃபைல்ல ரெண்டு தடவை கூப்பிட்ட தாளு, எல்லாத்தையும் சுத்தமா எடுத்திருக்கு. நாங்க சோம்பேறித்தனமா விட்டுட்டுப் போன குப்பை. நல்ல கைவேலை.

ஆனா எது தேவை எது தேவையில்லன்னு எப்படி முடிவு பண்றது? அங்கதான் இருக்கு சங்கதி. இப்ப ஒரு தாளக் கூப்பிட்டா, அது இன்னொரு தாளக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரும். அதுதான் தானா வருதே, தனியா எதுக்குக் கூப்பிடணும், எடுத்துடுன்னு தோணும். எடுத்தாலும் ஓடும். ஆனா பாருங்க, நீங்க தினம் பக்கத்து வீட்டுக்காரரு வண்டியில வேலைக்கு வரீங்கன்னு வைங்க. அதான் வண்டி இருக்கேன்னு பஸ் பாஸக் கிழிச்சுப் போடுவீங்களா? அவர் வீட்டக் காலி பண்ணிட்டுப் போனா நீங்க ரோட்டுல நிக்கணும். அதனால ஒரு ஃபைல் ஒரு பேர நேரடியா உபயோகிச்சா, அந்தத் தாள நேரடியாக் கூப்பிடுறதுதான் மரியாதை. அடுத்தவன் தயவுல நிக்கக் கூடாது. உபயோகிக்கவே இல்லன்னா எடுத்துடலாம். இது ஒரு விதி. இத அந்தப் பொண்ணு கடைப்பிடிச்சிருக்கு. எங்க பழைய ஆளுங்களுக்கே தெரியாத விதி, அதுக்குத் தெரிஞ்சிருக்கு.

கோளாறு வேற இடத்துல. அதுக்கு ஒரு டூல் குடுத்தீங்கல்ல? அது என்ன பண்ணும்? ஒரு வரிய எடுக்கும், பில்டு பண்ணிப் பாக்கும், அதாவது எழுதினத மெஷின்ல ஓடுற புரோகிராமா மாத்திப் பாக்கும். அப்படி மாத்துற கம்பைலர் தப்புன்னு கத்தினா வரியத் திரும்ப வைக்கும். கத்தலன்னா, இது தேவையில்லாத வரின்னு சிவப்புல கோடு போட்டுக் காட்டும். இத முதல்ல கேட்டப்ப எனக்கு என்ன ஞாபகம் வந்துது தெரியுமா? எங்க பழைய பர்சனல் மேனேஜர். ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலயும் அதேதான் சொல்லுவாரு. யாரும் புகார் குடுக்கலியே, அப்ப குறையே இல்லன்னுதானே அர்த்தம்னு. சத்தம் வரலன்னா சம்மதமா தம்பி? ஊமைக்கு வலிக்காதா? எங்கள ஆட்குறைப்புல வெளிய அனுப்பினப்பவும் அதே கணக்குதான். இவங்க இல்லாமயும் மெஷின் ஓடுதுல்லன்னாங்க. ஓடிச்சு. எப்படி ஓடிச்சுன்னு யாரு பாத்தா?

சரி சரி, மேடையேறல. இறங்கிட்டேன். நீங்க சாப்பிடுங்க, ஆறுது.

நல்லா கவனிங்க இப்ப. ஒளித்திரை தெரியும்ல? லைட் கர்ட்டன். மெஷினோட வாயில கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துல ஒரு வேலி. தகட உள்ள வைக்கிற ஆளோட கை அந்த வேலியத் தாண்டி இருந்துச்சுன்னா, மேலேருந்து இறங்குற இரும்பு அச்சு, அந்த டை, அந்த இடத்துலயே நிக்கணும். நிக்கலன்னா கை தகடாயிடும். எல்லா மெஷின்லயும் அந்தத் திரை கிடையாது. சின்ன மெஷினுக்கு இல்ல, பெரிய மெஷினுக்கு உண்டு. அதனால புரோகிராம்ல ஒரு பேரு வச்சோம். அந்தப் பேருக்கு ஒண்ணுன்னு மதிப்பு இருந்தா, கையப் பாத்து நிறுத்துற பகுதியச் சேத்துக்கோ. பூஜ்யம்னா விட்டுடு. இந்த மெஷினுக்கு ஒண்ணுன்னு சொல்றது எங்க இருக்கு? ஒரு ஹெட்டர்ல இருக்கு. நிறுத்துற பகுதி இருக்குற ஃபைலுக்கு அந்த ஹெட்டர்லேந்து வேண்டியது அந்தப் பேரு மட்டும்தான்.

இப்ப அந்த ஹெட்டரக் கூப்பிடுற வரிய எடுத்துட்டா என்ன ஆகும்? எனக்கு அந்தப் பேரே தெரியாதேன்னு கம்பைலர் கத்தும்னுதானே நினைப்பீங்க? கத்தாது. ஒண்ணா பூஜ்யமாங்கிற மாதிரிக் கேள்வி வந்தா, தெரியாத பேருக்கெல்லாம் பூஜ்யம்னு வச்சுக்கும் அது. அந்த மொழியோட சட்டம் அப்படி. முன்னபின்ன தெரியாதவன் யாரா இருந்தாலும் பூஜ்யம். சத்தமே வராது. நிறுத்துற பகுதிய அப்படியே தாண்டிப் போயிடும். புரோகிராம் நல்லா பில்டாகும், மெஷின் நல்லா ஓடும், தகடு நல்லா வளையும். கை குறுக்க வந்தாலும் ஓடும்.

ஆமா, அந்த வரிய எடுத்திருக்கு. பாத்தேன். என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்.

டெஸ்ட்டா? டெஸ்ட் எல்லாம் பாஸ்தான். அதச் சொல்லுவீங்கன்னு தெரியும். டெஸ்ட்டுக்குப் பண்ற பில்டுல அந்தப் பேர ஹெட்டர்லேந்து எடுக்குறதில்ல. பில்டுக்குக் குடுக்குற கட்டளையிலயே கையால ஒண்ணுன்னு எழுதி வச்சிருக்கு. எங்க காலத்துல பக்கத்து சீட்டுல ஒரு மனுஷன் இருந்தாரு. தங்கமான ஆளு, மகா சோம்பேறி. அவர் பண்ணின ஏற்பாடு அது. அதனால டெஸ்ட் மெஷின்ல பொம்மைக் கைய நீட்டினா டை நிக்கும். தொழிற்சாலைக்குப் போற புரோகிராம்ல நிக்காது. டெஸ்ட் ஒண்ணப் பாக்குது, மெஷின் இன்னொண்ண ஓட்டுது.

புரோகிராம் தயவில்லாம மெஷின நிறுத்த தனி ரிலே சுவிட்ச் இருக்கேங்கிறீங்க. பரவால்லியே, மெஷின் பக்கம் போயிருக்கீங்க. புது வரிசைல திரை நேரா ரிலேக்குப் போகுது, ஒத்துக்குறேன். ஜன்னல் ஓரம் இருக்குற பழைய வரிசைல? அதுல புரோகிராம் வழியாத்தான். வயரிங் போட்டவன் நானு, எங்கிட்டயே சொல்லாதீங்க. இன்னைக்கு ரெண்டாவது ஷிஃப்ட்ல அந்த வரிசைல நிக்கப்போறது பூராவும் கான்ட்ராக்ட் ஆளுங்க. கைய எடுக்க ஒரு நொடி லேட்டாச்சுன்னா அவங்களுக்குப் பின்னாடி நிக்க ஒரு சங்கம் கூடக் கிடையாது.

அந்த ஒளித்திரை சும்மா வரல தம்பி. ஒரு மழைக்காலம் பூரா கேட்டுல நனைஞ்சோம். விரல் போனவங்க முன்வரிசைல உக்காந்தாங்க. போலீஸ் வந்துது, நோட்டீஸ் வந்துது, கடைசியில கம்பெனி கையெழுத்துப் போட்டுது. அந்தக் கையெழுத்துதான் புரோகிராம்ல ஒரு வரியா இருக்கு. அத எழுதிட்டு, மேல ஒரு குறிப்பும் எழுதினேன். இத எடுக்காதேன்னு. அப்புறம் எவனோ குறிப்பெல்லாம் நீளமா இருக்குன்னு வெட்டிட்டான். வரி மட்டும் அனாதையா நின்னுது. அனாதையா நிக்கிறத எடுக்கச் சொன்னா யாரும் எடுக்கத்தான் செய்வாங்க. அந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றேன், நீங்க காதுல வாங்குன மாதிரி தெரியல.

உடனே வேலையவிட்டு எடுத்துடுவீங்களா? ஏன், எதுக்கு எடுக்கணும்? அதப் பாத்துட்டு சரின்னு சொன்ன ரெண்டு சீனியருங்க இருக்காங்களே, அவங்கள எடுப்பீங்களா? டூல வாங்கிக் குடுத்தவர எடுப்பீங்களா? எப்பவும் கடைசிப் படியில நிக்கிறவங்க தலையிலதான் கை வைப்பீங்க.

மன்னிச்சுக்குங்க. குரல் ஏறிடுச்சு. பக்கத்து மேஜைக்காரங்க பாக்குறாங்க. பழக்கதோஷம்.

நான் சொல்றத நீங்க நம்ப வேண்டாம். நம்பமாட்டீங்க, எனக்கே தெரியும். கம்பெனி கவுந்தா கைதட்டுற ஆளு நான்னு ஊருக்கே தெரியும். அதனால நீங்களே பாக்குற மாதிரி ஒண்ணு சொல்றேன். இந்த வரிங்களக் களையெடுத்து முடிச்சதும் புரோகிராம் சின்னதாயிடுச்சுன்னு மீட்டிங்ல எல்லாரும் கைதட்டினீங்க இல்லியா? அளவு நாலு கிலோபைட், நாலு கேபி குறைஞ்சிருக்கு, சபாஷ்னு நீங்களே எழுந்து சொன்னீங்க.

எப்படித் தெரியும்னு கேக்குறீங்க. சொல்றேன்னு சொன்னேன்ல, சொல்றேன்.

முதல்ல இதுக்கு பதில் சொல்லுங்க. தேவையில்லாத ஹெட்டர எடுத்தா பில்டு சீக்கிரம் முடியும், சரி. படிக்க வேண்டிய தாள் குறைஞ்சுதுல்ல. ஆனா செஞ்சு முடிச்ச புரோகிராம் எப்படிச் சின்னதாகும்? நிஜமாவே தேவையில்லாத வரின்னா, எடுக்குறதுக்கு முன்னாடி பண்ணின புரோகிராமும் எடுத்ததுக்குப் பின்னாடி பண்ணின புரோகிராமும் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணா இருக்கணும். பைட்டுக்கு பைட்டு. தேதி நேரம் ஏதாவது உள்ள பதிஞ்சிருந்தா அது மாறும், வேற எதுவும் மாறக் கூடாது. எடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண அதுதான் தம்பி உரைகல்லு. கம்பைலர் கத்துதா இல்லியாங்கிறது இல்ல. மெஷினுக்குப் போறது மாறிச்சா இல்லியான்னு பாக்கணும். நாலு கேபி காணோம்னா எதையோ வெளிய எடுத்துப் போட்டிருக்குன்னு அர்த்தம். வீட்டப் பெருக்கினா வீடு சுத்தமாகும். வீட்டுல ஒரு அறையே குறைஞ்சுதுன்னா யாராவது கைதட்டுவாங்களா? ஒரு கூட்டமே உக்காந்து தட்டியிருக்கீங்க. படிச்ச கூட்டம்.

இப்ப புரியுதா? தட்டத் தள்ளி வச்சுட்டீங்க. புரியுதுன்னு தெரியுது.

இல்ல, தோழர்கள்கிட்ட சொல்லல. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா இந்நேரம் அச்சாகி கேட்டுல பறந்திருக்கும். தலைப்பு கூட மனசுல வந்துடுச்சு. வரியை வெட்டினான், கையை வெட்டுவான்னு. நல்லா இருக்குல்ல? எனக்கும் புடிச்சிருந்துது. ராத்திரி பூரா அது வாயிலயே உருண்டுக்கிட்டிருந்துச்சு. மூடின கதவுக்குப் பின்னாடி பேச்சு கிடையாது, எதுவானாலும் கேட்டுலதான், எல்லார் காதுலயும் விழுற மாதிரிதான். இத ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவன் நான். ரகசியமா மேனேஜர்கிட்டப் பேசினார்னு ஒரு பொருளாளரையே சங்கத்தவிட்டு நீக்கியிருக்கேன். இன்னைக்கு நானே பின்வாசல் வழியா வந்து உங்க முன்னாடி உக்காந்திருக்கேன். யாராவது தோழர் இந்தப் பக்கம் வந்துட்டாருன்னா நான் எங்க மூஞ்சிய வச்சுக்கிறது?

ஆனா துண்டறிக்கைல தலைப்பு மட்டும் வந்தா போதாது. எந்த செக்ஷன், யாரு பண்ணினதுன்னு கேப்பாங்க. கேட்டா சொல்லணும். நாங்க எப்பவும் பேரோடதான் போடுவோம்.

நீங்க நிறுத்தலன்னா போடத்தான் போறேன். அதையும் சொல்லிடுறேன், மிரட்டல்னு வச்சுக்குங்க. சங்கு ஊதுறப்ப அந்தப் பழைய வரிசைக்கு ஆள் போறத நான் பாத்தேன்னா, மைக் எடுத்துடுவேன். என் வாயி அப்ப யாரையும் பாக்காது. அது எனக்குத் தெரியும். அதுக்குத்தான் பயந்து வந்தேன்.

நீங்க என்ன பண்ணணுமா? பெருசா ஒண்ணும் வேண்டாம். ஏத்துறத நாளைக்குத் தள்ளி வைங்க. அந்தப் பொண்ணக் கூப்பிட்டு, ஏம்மா, அளவு ஏன் குறைஞ்சுதுன்னு மட்டும் கேளுங்க. வேற எதுவும் சொல்லாதீங்க. வரி எதுன்னு காட்டாதீங்க. ஒளித்திரைன்னு வாயெடுக்காதீங்க. அந்த ஒரு கேள்வி போதும். போய் சீட்டுல உக்காந்ததும் முகம் மாறும். கொஞ்ச நேரத்துல தானே வந்து சொல்லும். நான் ஒண்ணு தப்பா எடுத்துட்டேன், வரியத் திரும்பப் போடுறேன், டெஸ்ட் ஏற்பாடும் தப்பா இருக்கு, அதையும் மாத்தணும்னு. அதையும் சேத்து சொல்லும் பாருங்க, அவ்வளவு மூளை. தானே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கட்டும். தானேதான் கண்டுபிடிக்கப் போவுது.

நானே நேரா சொல்லலாம்தான். சொன்னா கேக்காதே. வேணும்னே கெடுக்கப் பாக்குறேன்னு நினைக்கும். எங்க ஆளுங்கள வெளிய தள்ளின மாசம்தான் உங்க கம்பெனியில சேந்தா. அன்னைக்கு சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி வச்சு கருங்காலின்னு சொன்னேன். சொன்னது தப்புன்னு இப்பவும் சொல்லமாட்டேன். தட்டுல கையக் கழுவிட்டு எழுந்து போனவதான். அதுக்கப்புறம் எங்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. உப்பு வேணும்னா அம்மாகிட்ட சொல்லுவா, அம்மா எங்கிட்டேந்து வாங்கிக் குடுப்பா.

நேத்து சாயங்காலம் சமையலறையில அவ அம்மாகிட்ட சொல்லிட்டிருந்தா. அம்மா, நாலு கேபி குறைஞ்சுதும்மா, மேனேஜர் எல்லார் முன்னாடியும் எழுந்து பாராட்டினாரும்மா, நாளைக்கு ரெண்டாவது ஷிஃப்ட்டுக்கு முன்னாடி மெஷின்ல ஏத்துறாங்கம்மான்னு. அப்படிச் சிரிச்சு நான் ரொம்ப நாளாக் கேட்டதில்ல. சுவத்துக்கு இந்தப் பக்கம் நியூஸ்பேப்பரப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, அந்த நாலு கேபி உறைக்கிற வரைக்கும். அப்புறம்தான் எழுந்து போய் சாப்பாட்டு மேஜை மேல திறந்தபடி இருந்த அவ கம்ப்யூட்டரப் பாத்தேன்.

ஆமா தம்பி. எம்பொண்ணுதான்.

கிளம்புங்க, நேரமாச்சு. நான் வந்தேன்னு மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சுதுன்னா, அந்த வரியத் திரும்பப் போட்டுட்டு அந்த நிமிஷமே வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துடுவா. அவ்வளவு ரோஷம். எங்கேருந்து வந்துதுன்னு எங்கிட்டக் கேக்காதீங்க.